ஒரு செல்போன் நிறுவனம் இன்னொன்றை வாங்குவது வாடிக்கையாளர்களுக்காக மட்டும்தானா?

இல்லை. பல நேரங்களில் முதல் குறி அலைக்கற்றைதான், அதாவது செல்போன் பேச்சையும் டேட்டாவையும் சுமக்கும் ரேடியோ அலைவரிசைகள். வாடிக்கையாளரை விளம்பரம் செய்து பிடித்துவிடலாம். அலைக்கற்றையைப் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. அரசு ஏலம் விடும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது வைத்திருப்பவரை வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் டி-மொபைலும் ஸ்பிரின்ட்டும் இணைந்ததைப் பாருங்கள். டி-மொபைலிடம் இருந்த 600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வெகுதூரம் போகும், சுவரையும் ஊடுருவும். ஆனால் வேகம் குறைவு. ஸ்பிரின்ட்டின் 2.5 கிகாஹெர்ட்ஸ் நேர்மாறு: தூரம் குறைவு, தாங்கும் டேட்டா ஏராளம். இரண்டும் ஒரே கோபுரத்தில் சேர்ந்தபோது 5ஜிக்கு அருமையான ஜோடி அமைந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கோபுரங்களில் ஒன்றைக் கழற்றினால் வாடகையும் மின்சாரமும் மிச்சம்.

தொழில்நுட்பம் பொருந்தாவிட்டால் கதை வேறு. 2005இல் ஸ்பிரின்ட் நெக்ஸ்டெல்லை வாங்கியது. ஸ்பிரின்ட்டின் நெட்வொர்க் சிடிஎம்ஏ, நெக்ஸ்டெல்லுடையது ஐடென்: இரண்டும் வெவ்வேறு செல்போன் தொழில்நுட்பங்கள். ஒன்றின் கைபேசி மற்றதில் வேலை செய்யாது. இரண்டு நெட்வொர்க்கையும் பல ஆண்டுகள் தனித்தனியே பராமரித்து, 2013இல்தான் ஐடெனை மூடினார்கள். கைபேசியை மாற்ற வேண்டிய வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகத் தயங்குவாரா என்ன?

அப்புறம், அனுமதி. 2011இல் டி-மொபைல் யுஎஸ்ஏவை 3,900 கோடி டாலருக்கு வாங்க முயன்ற ஏடி அண்ட் டி, அமெரிக்க நீதித் துறையின் எதிர்ப்பால் பின்வாங்கியது. வாங்குவது நடக்காவிட்டால் ஈடு தர வேண்டும் என்ற ஒப்பந்தப்படி, டி-மொபைல் தரப்புக்கு 300 கோடி டாலர் ரொக்கத்தோடு அலைக்கற்றையையும் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணமும் அலைக்கற்றையும் போட்டியாளரையே பலப்படுத்தின. என்னைக் கேட்டால், மக்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது.