"ஏன் கத்தவில்லை?" என்று கேட்டவரிடம் இனி விளக்க வேண்டாம்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன், எனக்கு நன்கு தெரிந்த ஒருவர் என்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார். அப்போது உடம்பு மரத்துப்போனது; கத்தவில்லை, தள்ளவும் இல்லை. துணிந்து ஒரு தோழியிடம் சொன்னேன். "நீ ஏன் கத்தவில்லை?" என்றாள். அதன்பின் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உறக்கமும் இல்லை. நான் யாரிடம் போவேன்?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தில் "தப்பு என் மீதும்" என்று தொடங்கிய ஒரு வரியைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறீர்கள். அதை அடித்ததுதான் சரி.

பேராபத்தில் உடம்பு சில நேரம் ஓடும், சில நேரம் எதிர்க்கும், சில நேரம் அப்படியே உறைந்துவிடும். குரல் எழும்பாது, கை கால் அசையாது. மூளை இதை நம் சம்மதம் கேட்டுச் செய்வதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இப்படிப் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் பேசி, ஆன் பர்ஜெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற இருவர் 1974-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல பெண்கள் அழுதார்கள், நடுங்கினார்கள். ஏறக்குறைய அதே அளவு பெண்கள் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிக்கு அடியிலும் அதே காயம்தான் இருந்தது.

உங்கள் தோழி அறியாமல் கேட்டிருக்கலாம். ஆனாலும் அவருக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பிறர் ரகசியத்தை உங்களிடம் வந்து கொட்டாத ஒருவரைத் தேடுங்கள். அக்காவோ, அத்தையோ, உடன் வேலை செய்பவரோ, யாராகவும் இருக்கலாம். முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஒரு கொடுமை நடந்தது. அறிவுரை வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உறக்கமின்மைக்கு மனநல ஆலோசகரைப் பாருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவரும் "ஏன் கத்தவில்லை" என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், வேறொருவரைப் பார்க்கலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இரவில் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே உதவி எண்ணுக்கோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ பேசுங்கள்.

உடல் பரிசோதனைக்கு எட்டு மாதம் தாமதம் அல்ல, எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களுக்கான சோதனைகளை இப்போதும் செய்துகொள்ளலாம். அண்மையில் பாதிக்கப்பட்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை 5 நாட்கள் வரை உதவும். இரண்டும் எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. தடயங்கள் அழியாமல் இருக்க, முடிந்தால் மருத்துவப் பரிசோதனைக்குமுன் குளிக்காதீர்கள். குளித்துவிட்டாலும் போங்கள்.

புகார் கொடுப்பதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இன்றே முடிவெடுக்கும் அவசரம் வேண்டாம். கால வரம்பு உண்டா என்பதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவையுங்கள். நினைவில் இருப்பதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். வரிசை மாறினாலும், நடுவில் சில விட்டுப்போனாலும் பரவாயில்லை. அதிர்ச்சியில் பதிந்த நினைவுகள் அப்படித்தான் துண்டு துண்டாக வரும்.

மறுபடி எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அடித்த வரிகளோடே அனுப்புங்கள், நான் படிப்பேன்.