40 லிட்டர் தொட்டியில் உப்பு ஏறுவது பற்றி

காரைக்குடி வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) 40 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து, வற்ற வற்ற உப்புத் தண்ணீரையே ஊற்றியதாகவும், இப்போது க்ளவுன் மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்குமே, பாருங்கள். வற்றியதற்கு ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். தேவகோட்டையில் என் முதல் தொட்டியும் இப்படித்தான் போனது.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 காட்ட வேண்டும். கூடியிருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள். தினமும் இரண்டு லிட்டர் எடுத்துவிட்டு, அதே அளவு ஆர்.ஓ. ஊற்றி, மெதுவாகக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் வெயில். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். நம் ஊர் சித்திரை வெயில் வளவில் நேராக இறங்கும். தொட்டியை உள்ளறைக்கு மாற்றுங்கள். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் இன்னும் வேகமாக வற்றும். நீர்மட்டத்தில் டேப் ஒட்டி வைத்து, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

தொட்டி வைத்து இரண்டே வாரம் என்றீர்கள். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா சேரும், அதையும் பார்த்துவிடுங்கள், பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

தொண்டிப் பக்கம் பவளக் கல் பொறுக்கும் யோசனை மட்டும் வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டத்தில் பவளப்பாறை முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த கல்லுக்கும் வழக்கு வரும்.