வாசகர் கேள்வி – பதில்: கறுத்துப்போகும் அடுப்புக் கண்ணாடி

கேள்வி: வணக்கம் அக்கா. போன கோடையில் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு பழைய மரவீடு வாங்கி வந்தோம். மின்சாரச் செலவைக் குறைக்க, இருக்கையறையில் இருந்த இரும்பு விறகு அடுப்பை ஒக்டோபரிலிருந்து எரிக்கிறோம். பற்றவைக்கும்போதெல்லாம் வீடு முழுக்கப் புகை, இரண்டே நாளில் கண்ணாடி கன்னங்கரேல். இரவில் நாலைந்து கட்டையைப் போட்டு, காற்று வரும் துவாரத்தை அடைத்துவிட்டுப் படுத்தால் விடியும்வரை தணல் இருக்கிறது. இது சிக்கனம் என்கிறார் கணவர், எனக்கோ பயமாக இருக்கிறது. அடுப்பை மாற்ற வேண்டுமா?

– ஒரு வாசகி, நோர்வே

பதில்: உங்கள் பயம்தான் சரி தங்கச்சி, இன்றிரவே அந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள். ஊரில் அம்மா இராத்திரி தணலைச் சாம்பலால் மூடிவைத்து விடிய ஊதுகுழலால் ஊதி எழுப்புவார், அந்த நினைவில்தான் நம் ஆட்கள் இங்கேயும் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தக் குசினியில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். இங்கே குளிருக்காக எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திய வீட்டில் படுக்கிறோம். காற்றுப் போதாமல் புகையும் கட்டையிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையறைப் பக்கம் வாங்கி வையுங்கள். புகைக்கு அலறும் கருவி வேறு, இது வேறு.

கட்டை சூடேறும்போது முதலில் வாயுதான் கிளம்பும், சூட்டில் பெரும்பங்கு அது எரிவதில்தான் கிடைக்கிறது. காற்றை அடைத்தால் அது எரியாமல் தாராகப் படிகிறது. கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது அதைத்தான், புகைபோக்கிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சேர்வதும் அதுதான். ஒருநாள் அது உள்ளேயே பற்றிக்கொண்டால் பெரிய இரைச்சலோடு எரியும். அப்போது காற்றை அடைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்த் தீயணைப்புப் படையை 110இல் அழையுங்கள், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அந்த நிலை வரும் முன்னே கொமூனவிடம் (உள்ளூராட்சி அலுவலகத்திடம்) சொல்லிப் புகைபோக்கியைக் கூட்டச் சொல்லுங்கள்.

பற்றவைக்கும் விதத்தையும் மாற்றுங்கள். சுள்ளியைக் கீழே வைத்துப் பழகியவர்கள் நாம், இந்த அடுப்புக்கு அது தலைகீழ். கீழே பிளந்த கட்டை இரண்டு மூன்று, அதன்மேல் விரல்மொத்தச் சுள்ளிகள் குறுக்கும் நெடுக்குமாக, நெருப்பு உச்சியில், காற்றுத் துவாரம் முழுக்கத் திறந்து. முதல் தடவை எனக்கு நம்பிக்கையே வரவில்லை, அப்புறம் மெழுகுதிரி மாதிரி நெருப்பு மேலிருந்து மெல்ல இறங்கி வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ்க் கட்டையின் வாயு மேலே உள்ள சுவாலையைத் தாண்டும்போதே எரிந்துவிடுகிறது. சமையலறையில் புகை உறிஞ்சும் விசிறி ஓடினால் அது அடுப்புப் புகையையும் வீட்டுக்குள் இழுக்கும், அதை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள்.

விறகு எப்போது வெட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் எரிக்கலாம். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்த பிர்ச் கட்டை கணீரென்று ஒலிக்கும், ஈரக்கட்டை மொத்தென்று கேட்கும்.

அடுப்பு விஷயம்: நோர்வேயில் 1998இலிருந்து புதிதாகப் பொருத்தும் அடுப்புகள் அந்த வாயுவையும் எரிக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்களுடையது அதற்கு முந்தியது என்றால் மாற்றுவது நல்லதே, ஆனால் ஈர விறகைப் போட்டுக் காற்றை அடைத்தால் புது அடுப்பும் கறுக்கத்தான் செய்யும். மாலையில் சுவாலை தெரிய நன்றாக எரியவிட்டு, படுக்கும் முன் தானாக அடங்க விடுங்கள். விடியற்காலைக் குளிருக்கு மின்சூடாக்கியைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டால் போதும், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: அடுப்புச் சாம்பலைப் பூக்கன்றுகளுக்குப் போடலாமா?

– பேர்கன் வாசகர்

பதில்: வர்ணம் பூசாத விறகின் சாம்பல் என்றால் கொஞ்சமாகப் போடலாம். அதில் சுண்ணாம்புத் தன்மை உண்டு, புளிப்பு மண்ணில் வளரும் ரோடோடென்ட்ரன் பக்கம் வேண்டாம். ஆனால் அவசரப்படாதீர்கள், நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை, சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். கடதாசிப் பையும் பிளாஸ்டிக் வாளியும் கூடவே கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, மரச்சுவரை விட்டுத் தள்ளி வெளியே வையுங்கள். என் வாளி ஒரு வாரம் முற்றத்துக் கல்லின்மேல் நிற்கும், அப்புறம்தான் ரோஜாவுக்குப் போகும்.