எழுத்தே இல்லாத மூதாதை மொழியின் ஒலிகளை நம்பலாமா?

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் போன்றவற்றின் பொது மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியில் ஒரு வரிகூட எழுத்தில் கிடைக்கவில்லையே, அதன் ஒலிகள் வெறும் கற்பனைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஊகங்கள்தான், ஆனால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகங்கள்.

1879-இல் சுவிஸ் மொழியியலாளர் சொசூர், கிரேக்கம், சமஸ்கிருதம் போன்றவற்றின் உயிரொலி மாற்றங்களை ஒப்பிட்டு, மூதாதை மொழியில் இருந்து பின்னர் மறைந்துபோன ஒலிகள் உண்டு என்று முடிவுகட்டினார். அவை மறைந்த இடத்தில் முன்னிருந்த உயிர் நெடிலாகிவிட்டது. அன்று தெரிந்த எந்த மொழியிலும் அவற்றுக்கு நேரடிச் சான்று இல்லை!

1915-இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி, இன்றைய துருக்கிப் பகுதியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகளின் மொழியைப் புரிந்துகொண்டார்; அதுவும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிதான். அடுத்து நடந்தது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது. சொசூர் சுட்டிய இடங்கள் பலவற்றில் ஹிட்டைட்டில் ‘ஹ’ போன்ற ஒலி நிற்பதை 1927-இல் போலந்து மொழியியலாளர் குரிவோவிச் எடுத்துக்காட்டினார். லத்தீனில் ‘பாஸ்கோ’ (மேய்க்கிறேன்) என்று நீளும் வேர், ஹிட்டைட்டில் ‘பஹ்ஸ்’ (காத்தல்).

அவ்வொலிகளின் துல்லியமான உச்சரிப்பு மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.