அட்டை எச்சிலில் என்ன மருந்து இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: ரத்தம் உறையாமல் தடுக்க ஹெபாரின் என்ற மருந்து இருக்கும்போது ஹிருடின் எதற்கு?

பதில்: ஹெபாரின் தனியாக வேலை செய்யாது, ரத்தத்திலுள்ள ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைத் தூண்டிவிட்டுத்தான், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினை அடக்கும். அட்டை எச்சிலில் உள்ள ஹிருடின், சுமார் 65 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். துணை தேடாமல் த்ராம்பினை நேராகப் பிடித்துக்கொள்ளும். தலைப்பகுதி த்ராம்பினின் வெட்டும் பள்ளத்தை அடைக்கும், வால், உறைகட்டியின் நாராக மாறும் ஃபைப்ரினோஜன் வந்து ஒட்டும் இடத்தை மறைக்கும். ஹெபாரினால் தட்டணுக்களின் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை சரியும் நோயாளிகளுக்கு இந்த வழிதான் கைகொடுத்தது.

கேள்வி: ஹிருடினை அட்டையைப் பிழிந்தா எடுக்கிறார்கள்?

பதில்: இல்லை. ஈஸ்டில் மரபணுவைச் சேர்த்துத் தயாரித்த லெபிருடின் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2012-இல் தயாரிப்பு நின்றது. அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். சிறுநீரகம் பழுதாகி ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் ரத்தப்போக்குதான், முறிமருந்தும் கிடையாது. ஹிருடினைப் பார்த்துச் செய்த பைவாலிருடினில் 20 அமினோ அமிலங்களே. த்ராம்பினே அதை மெல்ல வெட்டிவிடுவதால், சிறுநீரகம் நன்றாக இருந்தால் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 25 நிமிடம்.

கேள்வி: துண்டாகி மீண்டும் ஒட்டவைத்த விரலுக்கு எப்போது அட்டை விடலாம்?

பதில்: விரல் நீலம் பாய்ந்து வீங்கி, ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வந்தால். சிரையில் வடிகால் இல்லை என்று பொருள். வெளிறிச் சில்லிட்டிருந்தால் கோளாறு தமனியில். அங்கே அட்டை வீண், அறுவை அரங்குக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: வைத்தால் கடிக்க மாட்டேன் என்கிறது.

பதில்: பெரும்பாலும் சோப்பு, ஸ்பிரிட் வாசனைதான் காரணம். உப்பு நீரால் (சலைன்) கழுவி, ஊசியால் ஒரு துளி ரத்தம் வரவையுங்கள். அப்போதும் கடிக்காவிட்டால் அந்தத் திசுவுக்கு ரத்தமே வரவில்லையா என்று உடனே பாருங்கள். நகர்ந்து காயத்துக்குள் போகாதபடி சுற்றிலும் காஸ் துணி வையுங்கள்.

கேள்வி: அட்டை விழுந்தும் ரத்தம் கசிகிறதே?

பதில்: அதுதான் சிகிச்சையே. அது குடிப்பது 5 முதல் 15 மி.லி.தான்; பிறகு மணிக்கணக்காகக் கசிவதுதான் சிரையின் வேலையைச் செய்கிறது. எச்சிலிலுள்ள கேலின் என்ற புரதம், காயத்தில் வெளிப்படும் கொலாஜன் நாரை மூடிவிடுவதால் தட்டணுக்கள் ஒட்ட முடியாது. பல முறை விடும்போது ஹீமோகுளோபினைத் தினமும் பாருங்கள்.

கேள்வி: தொற்று வராமலிருக்க அமாக்சிசிலின் போதுமா?

பதில்: போதாது. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா அதற்கு மசியாது. வழக்கமாகக் கொடுப்பது சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது கோட்ரைமாக்சசோல். இவற்றையும் எதிர்க்கும் கிருமிகள் உண்டு, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்ப்பது நல்லது.

கேள்வி: உப்புப் போட்டு எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உப்புப் பட்டால் குடலில் இருப்பதை, கிருமியோடு சேர்த்து, காயத்திலேயே கக்கிவிடும். வயிறு நிரம்பினால் தானே விழும்.