மூத்தோர் தடகளம்: கேள்வி – பதில்

கேள்வி: நான் 59 வயது ஆண். 100 மீட்டரில் பிளாக்கிலிருந்து (புறப்படும்போது கால் ஊன்றும் பலகைகள்) எழும்போதே பின்தொடை பிடித்துக்கொள்கிறது. பிளாக் கட்டாயமா? அடுத்த ஆண்டு குண்டு எறிதலிலும் இறங்கலாமா?

பதில்: கட்டாயமே இல்லை. மூத்தோர் விதிப்படி நின்றபடியே புறப்படலாம். வலி தீரும்வரை அதுதான் புத்திசாலித்தனம். பிறகு பிளாக் வைத்தால், முன் பலகை கோட்டிலிருந்து இரண்டு பாத நீளம், பின் பலகை மூன்று பாத நீளம். ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் ‘செட்’ சொன்னதும் இடுப்பு தோளைவிடச் சற்றே உயர்ந்தால் போதும். பலர் வானத்துக்குத் தூக்குகிறார்கள். முழங்கால் நீண்டு, இழுபட்ட தசையால் உதைக்க நேர்கிறது. வார்ம்-அப்பில் கடைசியாக, 60 மீட்டர் தூரத்துக்குப் படிப்படியாக வேகம் கூட்டி மூன்று முறை ஓடுங்கள்.

குண்டில் தாராளமாக இறங்கலாம். 60 வயதில் எடை 6 கிலோவிலிருந்து 5 கிலோவாகக் குறையும்.