சென்னையில் கார் ரேஸ் 2024-ல்தான் முதன்முதலாக நடந்ததா?

இல்லை. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நகரச் சாலையில் நடந்ததால் புதுசு, அவ்வளவுதான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மெட்ராஸில் ரேஸ் என்றால் சோழவரம். செங்குன்றம் தாண்டி கல்கத்தா ரோட்டில், எங்கள் வடசென்னைப் பக்கம் இருக்கிற ஊர். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்துப் பெரியவர்களிடம் 'சோழவரம் ரேஸ்' என்று சொல்லிப் பாருங்கள், அவர்களே மீதியைச் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்கள் இறங்க அங்கே ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு, 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. விமானத்துக்குப் போட்ட தளம் என்பதால் அகலமாக, நேராக ஓடும். நேர்ப்பாதையில் வண்டி அதன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடும். திருப்பம் வந்ததும் அத்தனை வேகத்தையும் பிரேக்கில் அடக்கியாக வேண்டும். அடுத்தவனைவிட ஒரு நொடி தாமதமாக பிரேக் பிடிக்கிற தைரியம் யாருக்கு இருக்கிறதோ, அவன் முந்துவான். அந்தத் தளத்தின் அழகே அதுதான்.

ஓடியவற்றில் பல, ரோட்டில் தினமும் பார்க்கிற ஃபியட், ஹெரால்டு மாதிரி வண்டிகள்தான். உள்ளே இன்ஜினில் கை வைத்திருப்பார்கள். ஹெரால்டு மெட்ராஸிலேயே தயாரான கார். புல்லட்டோ நம்ம திருவொற்றியூரில் பிறந்தது. வேடிக்கை பார்க்கிற மெக்கானிக்குக்கு 'நம்ம வண்டி' என்ற உரிமை வராமல் இருக்குமா!

80-களில் விஜய் மல்லையா ஃபார்முலா 1 காரான என்சைனையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். ஆனால் எனக்குப் பெரிய ஆள் கோவை கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். பிற்பாடு ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன் பழகியது அதில்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த டிராக் வந்தது. பந்தயத்துக்கென்றே கட்டியது, பாதுகாப்பானது, சரியான முடிவுதான். ஆனாலும் சோழவரத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகம் வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு ஹெரால்டு, ஒரு ஃபார்முலா மாருதி, அந்தக் காலப் புகைப்படங்கள் இருந்தால் போதும். பழைய ரேஸ் படம் யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.